உரையிலிருந்து உறை வரை: யூதத் திருமணத்துக்கு பென்ச்சர் தேர்ந்தெடுப்பது எப்படி

யூதத் திருமண விருந்து ரொட்டியைப் பிட்டுத் தொடங்குகிறது. ரொட்டி உண்டவர் நன்றி சொல்லாமல் பந்தியை விட்டு எழக் கூடாது. உண்டு நிறைந்தபின், நல்ல நிலத்தைத் தந்த கடவுளை வாழ்த்த வேண்டும் என்கிறது பைபிளின் உபாகமம் 8:10. அந்த வாழ்த்துக்கு எபிரேயத்தில் பிர்கத் ஹமஸோன் என்று பெயர். அதை அச்சிட்ட சிறு நூலை இஸ்ரேலில் பிர்கோன் என்பார்கள்; நியூயார்க்கிலும் லண்டனிலும் பென்ச்சர் என்பார்கள். வாழ்த்துதல் என்று பொருள்படும் 'பென்ச்சன்' என்ற, ஐரோப்பிய யூதரின் மொழியான இத்திஷ் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

மணமக்களின் பெயரும் தேதியும் பொறித்த பென்ச்சரை விருந்தினர் நம் தாம்பூலப் பையைப் போல வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். தாம்பூலப் பை சில நாளில் தீர்ந்துவிடும். பென்ச்சரோ அந்த வீட்டு வெள்ளிக்கிழமை இரவு மேசையில் இருபது முப்பது ஆண்டுகள் புழங்கும். அதனால்தான் இதில் அவசரம் கூடாது. பெரும்பாலான குடும்பங்கள் அட்டையின் நிறத்தில் தொடங்குகின்றன. அது தலைகீழ் வரிசை. முதலில் உரை, பிறகு எழுத்து, பிறகு தாள், கடைசியில்தான் உறை.

முதல் படி: எந்த மரபின் உரை

பிர்கத் ஹமஸோனின் எலும்புக்கூடு எல்லா யூதருக்கும் ஒன்றுதான்: நான்கு வாழ்த்துகள். உணவுக்கான முதல் வாழ்த்து மன்னா பொழிந்தபோது மோசே இயற்றியது, நிலத்துக்கானது யோசுவாவினுடையது, எருசலேமுக்கானது தாவீதும் சாலொமோனும் அமைத்தது, நான்காவது பெத்தார் நகரில் கொல்லப்பட்டோரை ஒட்டி யாவ்னே அறிஞர்கள் சேர்த்தது என்கிறது யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத். ஆனால் சொற்களும் முன்னும் பின்னும் வரும் பகுதிகளும் ஊருக்கு ஊர் வேறு. இந்த வேறுபாட்டுக்கு நுஸாக் என்று பெயர். கடையில் முதலில் கேட்கப்படும் கேள்வியும் இதுதான்.

அஷ்கெனாஸ் என்பது ஜெர்மனி, போலந்து, லித்துவேனியா வழிவந்த குடும்பங்களின் மரபு. எதோத் ஹமிஸ்ராக் என்பது மொராக்கோ, ஈராக், சிரியா போன்ற நாடுகளிலிருந்து வந்த செஃபார்தி குடும்பங்களுக்கு உரியது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பொறி இருக்கிறது. 'நுஸாக் செஃபார்த்' என்று அட்டையில் போட்டிருந்தால் அது செஃபார்தி யூதருடையது என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் அது ஹசிதியம் எனும் பக்தி இயக்கத்தைச் சேர்ந்த அஷ்கெனாஸி மரபு. மொராக்கோ வழிக் குடும்பம் இந்தப் பெயரை நம்பி 200 பிரதி வாங்கினால் தாத்தா பாட்டிக்குப் பழகிய சொற்கள் அதில் இருக்காது. வாங்கும்போது பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். பக்கத்தைத் திறந்து பாருங்கள். வாழ்த்தை முன்னின்று சொல்லும் தலைவர் உண்டவர்களை அழைக்கும் வரி 'ஹவ் லான் வெநிவ்ரிக்' என்று தொடங்கி, அதற்கு முன் பைபிளின் சங்கீதம் 67 இருந்தால் அது எதோத் ஹமிஸ்ராக். 'ரபோதாய் நெவாரேக்' என்று தொடங்கி, முன்னால் சங்கீதம் 126 இருந்தால் அது அஷ்கெனாஸி வழிகளில் ஒன்று.

மணமகள் வீடு ஒரு மரபு, மணமகன் வீடு இன்னொரு மரபு என்பது இன்று சாதாரணம். இரண்டையும் கலந்து ஓர் உரை ஆக்குவது மிக மோசமான வழி. யாராலும் மனப்பாடமாகச் சொல்ல முடியாத ஒன்று கிடைக்கும். ஒரே அட்டையில் இரண்டு தொகுதி வாங்கி, சிறு அடையாளத்தால் பிரிப்பது நல்ல வழி. எண்ணிக்கை குறைவாக இருந்தால், புதிய வீட்டில் எந்த மரபைப் பின்பற்றப் போகிறார்களோ அதையே எடுக்கலாம்.

கன்சர்வேடிவ், ரிஃபார்ம் எனும் நவீனப் பிரிவுகளின் குடும்பங்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபோடு சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் பெயர்களும் வருகிறதா? அழைப்பு வரி 'ரபோதாய்' என்று ஆண்களை மட்டும் விளிக்கிறதா, 'ஹவேராய்', அதாவது நண்பர்களே, என்று அனைவரையும் விளிக்கிறதா? இஸ்ரேல் அரசுக்கும் அதன் படைவீரர்களுக்கும் வாழ்த்து வரிகள் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் உண்டு. இவற்றை மணம் நடத்தும் சமயகுருவான ரபியிடமும் இரு வீட்டாரிடமும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். அச்சான பிறகு இவை சண்டையாக மாறும்.

இரண்டாம் படி: திருமணத்துக்கென்று உள்ளே இருக்க வேண்டியவை

சாதாரண நாளுக்கான பென்ச்சர் திருமண விருந்துக்குப் போதாது. மூன்று பகுதிகளைத் தேடிப் பாருங்கள்.

முதலாவது, திருமண அழைப்பு வரி. மூவர் சேர்ந்து உண்டால் தலைவர் மற்றவர்களை அழைத்துத் தொடங்க வேண்டும். இதற்கு ஸிம்முன் என்று பெயர். பத்துப் பேர் கூடினால் கடவுளைக் குறிக்கும் சொல் கூடுதலாகச் சேரும். திருமணத்தில் இதற்கு மேலும் 'ஷெஹசிம்ஹா விம்ஓனோ', அதாவது மகிழ்ச்சி எவருடைய இல்லத்தில் உள்ளதோ அவர், என்ற சொற்கள் சேரும். அதற்கு முன் 'தெவாய் ஹாசேர்' என்ற சிறு பாடல். துயரை அகற்று, கோபத்தை அகற்று, ஊமையும் பாடட்டும் என்று தொடங்கும் இதை 10-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் துனாஷ் பென் லப்ராத் எழுதினார். அடிகளின் முதலெழுத்தைக் கோத்தால் துனாஷ் என்ற அவர் பெயரே வரும். திருமண இரவில் தலைவர் மேசையில் இந்தப் பக்கம் கிடைக்காமல் தடுமாறுவதே அடிக்கடி நடக்கும் சங்கடம். சாதாரண ஸிம்முனுக்கு எதிர்ப்பக்கத்திலேயே இது இருந்தால் நல்லது. 40 பக்கம் தள்ளி இருந்தால் அந்த நூலை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, ஷேவா ப்ராகோத் எனும் ஏழு வாழ்த்துகள். மணப்பந்தலான ஹுப்பாவின் கீழும் இவை சொல்லப்படுகின்றன, விருந்தின் முடிவிலும் சொல்லப்படுகின்றன. ஆனால் வரிசை வேறு. ஹுப்பாவில் திராட்சை ரசத்தின் வாழ்த்து முதலில் வரும். விருந்தில் ஆறு வாழ்த்துகளும் முடிந்தபின் அது கடைசியாக வரும். அஷ்கெனாஸி வழக்கத்தில் இரண்டு கிண்ணங்கள் வைப்பார்கள். ஒன்று பிர்கத் ஹமஸோனுக்கு. அதைத் தலைவர் வைத்திருப்பார். மற்றது ஆறு வாழ்த்துகளைச் சொல்பவர்களிடையே கைமாறும். கடைசியில் தலைவர் ரச வாழ்த்தைச் சொன்னதும் இரண்டு கிண்ணத்து ரசத்தையும் கலந்து மணமக்களுக்குக் கொடுப்பார்கள். பென்ச்சரில் ஹுப்பா வரிசையையே அச்சிட்டிருந்தால், முதலில் அழைக்கப்பட்டவர் ரச வாழ்த்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு வாழ்த்துக்கும் எண் போட்டு, எழுத்தும் சற்றுப் பெரிதாக இருக்கும் பதிப்பைத் தேடுங்கள். ஆறு பேர் வரை தூரத்து மேசைகளிலிருந்து எழுந்து வந்து படிப்பார்கள். எண் இல்லாவிட்டால் எது தன்னுடையது என்று தெரியாது.

மூன்றாவது, வாரத்தின் மீதி நாட்களுக்கானவை. மணமக்களுக்கு ஏழு நாள் விருந்து நடக்கும். பத்துப் பேரும், முன்பு வராத புதியவர் ஒருவரும் இருந்தால் அங்கும் ஏழு வாழ்த்துகள் சொல்லப்படும். ஏழு நாளில் ஒரு ஷபாத், அதாவது வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாள், கட்டாயம் வந்தே தீரும். ஆகவே ஷபாத்துக்குச் சேர்க்கும் 'ரெட்ஸே' பத்தி, மாதப் பிறப்புக்கும் பண்டிகைக்கும் 'யஅலே வெயாவோ', ஹனுக்காவுக்கும் பூரிமுக்கும் 'அல் ஹனிஸ்ஸிம்' இவை மூன்றும் அதனதன் இடத்தில், நிழலிட்ட பெட்டிக்குள் இருக்க வேண்டும். 'பின்னிணைப்பைப் பார்க்க' என்று போட்டிருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். வார நாளில் 'மக்தில்', ஷபாத்தில் 'மிக்தோல்' என்று மாறும் சொல்லும் இரு வடிவிலும் இருக்கட்டும்.

இவற்றோடு வெள்ளி இரவில் திராட்சை ரசத்தோடு சொல்லும் கித்தூஷ், ஷாலோம் அலேகெம் பாடல், நீதிமொழிகள் 31-இன் எஷெத் ஹாயில் துதி, மேசைப் பாடல்களான ஸெமிரோத், ஷபாத்தை வழியனுப்பும் ஹவ்தலா, ரொட்டி இல்லாமல் கேக்கும் பழமும் உண்டவர்களுக்கான குறுவாழ்த்து எல்லாம் இருந்தால் நூல் வீட்டில் புழங்கும். மடிப்பு அட்டை போன்ற நான்கு பக்க வடிவம் மலிவு, அழகு. ஆனால் அது திருமண இரவோடு இழுப்பறைக்குள் போய்விடும்.

மூன்றாம் படி: ஆயத்த நூலா, புதிதாக வடிவமைப்பதா

எங்கள் தீர்ப்பு வெளிப்படையானது: பத்தில் ஒன்பது திருமணங்களுக்கு ஆயத்த நூலின் உட்பக்கமும் சொந்த அட்டையும் போதும். ஆயத்த நூலின் எபிரேயம் பல பதிப்புகளில் பிழை நீங்கியது. ஜெருசலேமின் கெயுலா, மேஆ ஷெஆரிம் தெருக்களிலும் புரூக்ளினின் பரோ பார்க்கிலும் இப்படி அட்டை பொறித்துத் தரும் கடைகள் உண்டு.

முழுக்கப் புதிதாகச் செய்வதென்றால் பிரார்த்தனை உரை பழையது, யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் மொழிபெயர்ப்பும் பக்க அமைப்பும் பதிப்பாளருடையவை. ஒரு நூலை ஸ்கேன் செய்து உள்ளே போடுவது தவறு. எபிரேயம் நன்கு அறிந்த ஒருவர், வடிவமைப்பாளரல்லாத ஒருவர், உரை முழுவதையும் வாய்விட்டுப் படித்து மெய்ப்புப் பார்க்க வேண்டும். கண்ணால் மட்டும் படித்தால் மனப்பாடம் பிழையை மறைத்துவிடும்.

மொழிபெயர்ப்பும் ஒலிபெயர்ப்பும்

எபிரேயம் படிக்கத் தெரியாத விருந்தினர் எத்தனை பேர் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். எதிரெதிர்ப் பக்க மொழிபெயர்ப்பு எல்லோருக்கும் உதவும். ஒலிபெயர்ப்பை நூல் முழுக்கப் போட்டால் பக்கம் இரட்டிக்கும், எழுத்து சிறுத்துப்போகும். எல்லோரும் சேர்ந்து பாடுவது ஸிம்முன், முதல் வாழ்த்து, 'ஆமென்' வரும் இடங்கள் ஆகியவைதான். அவற்றுக்கு மட்டும் ஒலிபெயர்ப்பு கொடுத்தால் விருந்தினர் தயங்காமல் சேர்ந்துகொள்வார்கள்.

ஒலிபெயர்ப்பு எந்த உச்சரிப்பில் என்பதையும் பாருங்கள். இஸ்ரேலிய உச்சரிப்பில் 'ஷபாத்' என்பது பழைய அஷ்கெனாஸி உச்சரிப்பில் 'ஷபோஸ்'. 'பிர்கத்' அங்கே 'பிர்காஸ்'. மேசை முழுக்க ஒரு மாதிரி பாட, நூல் வேறு மாதிரி சொன்னால் புதியவர் வாயை மூடிக்கொள்வார்.

நான்காம் படி: பெயரும் தேதியும்

அட்டையில் வரும் நான்கைந்து வரிகளில்தான் அதிகப் பிழை நேர்கிறது.

எபிரேயப் பெயர்களை மணமக்களிடம் வாய்மொழியாகக் கேட்டு எழுதாதீர்கள். திருமண ஒப்பந்தமான கெதுபாவில் ரபி எழுதப்போகும் எழுத்துகளை வாங்குங்கள். இத்திஷ் வழிப் பெண் பெயர்கள் பல, கடைசி எபிரேய எழுத்து அலெஃபா ஹேயா என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். ஒலி ஒன்றுதான், எழுத்து வேறு; அம்மாவுக்கு அது உடனே கண்ணில் படும்.

தேதி இன்னும் நுட்பமானது. யூத நாள் சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. 2026-இல் லாக் பாஓமர் திருநாள், அதாவது எபிரேய மாதமான ஐயாரின் 18-ஆம் நாள், மே 5 செவ்வாய்க்கிழமை வருகிறது. பாஸ்காவுக்குப் பிந்தைய ஓமர் வாரங்களில் திருமணம் வைக்காத அஷ்கெனாஸி குடும்பங்கள் பல காத்திருக்கும் நாள் அது. மே 4 இரவு ஹுப்பா என்றால் எபிரேயத் தேதி ஐயார் 18 ஆகிவிடும். மே 5 இரவு என்றால் ஐயார் 19. ஆனால் நாட்காட்டி மாற்றிகளில் மே 4 என்று மட்டும் தட்டினால் பகலுக்கான ஐயார் 17 வரும். இப்படித்தான் ஒரு நாள் தவறிப்போகிறது. அந்தி நேரத்து ஹுப்பா என்றால் ரபி கெதுபாவில் எந்தத் தேதி எழுதுகிறாரோ அதுவே அட்டைக்கும். ஆண்டையும் பாருங்கள்: யூத ஆண்டு 5787 பிறப்பது 2026 செப்டம்பர் 11 மாலையில், கோடைத் திருமணம் 5786.

எபிரேயத்தில் தேதியை எழுத்துகளால் எழுதுவார்கள். 15-ஐயும் 16-ஐயும் கணக்குப்படி பத்தோடு ஐந்து, பத்தோடு ஆறு என்று சேர்த்தால் கடவுளின் பெயரின் பகுதி அமைந்துவிடும். அதனால் ஒன்பதோடு ஆறு, ஒன்பதோடு ஏழு என்று எழுதுவது மரபு. எண்ணை எழுத்தாக மாற்றும் கருவியைக் கண்மூடி நம்பிய வடிவமைப்பாளர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

மறைந்த தாத்தா பாட்டியின் நினைவுக்கு ஒரு வரி சேர்ப்பது வழக்கம். அதற்கு உள்ளட்டைதான் சரியான இடம், முன்னட்டை மணமக்களுக்கு.

ஐந்தாம் படி: எழுத்து, தாள், கட்டு

எபிரேய மெய்யெழுத்துகளின் கீழும் மேலும் வரும் உயிர்ப்புள்ளிகளுக்கு நிக்குத் என்று பெயர். பாமினி எழுத்துருவில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் எங்கெங்கோ போய் ஒட்டிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் உடனே புரியும். புள்ளி ஓர் எழுத்து தள்ளிப் போனால் சொல்லே மாறும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் வரி முழுவதும் தலைகீழாகும். சொல்லின் இறுதியில் வடிவம் மாறும் எழுத்துகள் ஐந்து: காஃப், மேம், நூன், பே, ட்ஸாதி. இறுதி வடிவம் ஒன்று சொல்லின் தொடக்கத்தில் நின்றால், வரி திரும்பிவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. எபிரேயம் தெரியாத அச்சகத்தாரும் இதை வைத்துச் சோதிக்கலாம். அச்சுக்கு அனுப்பும் கோப்பில் எழுத்துருவை உட்பொதியுங்கள், அல்லது எழுத்துகளை வரைகோடாக மாற்றுங்கள்.

நிக்குத்தோடு வரும் உரையின் எழுத்தளவு 12 பாயின்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. 14 இருந்தால் பெரியவர்கள் வாழ்த்துவார்கள். இந்த வாழ்த்து சொல்லப்படுவது நள்ளிரவை ஒட்டி, விளக்கு மங்கிய மண்டபத்தில். ஃப்ராங்க் ரூல், டேவிட் போன்ற வாசிப்பு எழுத்துருக்கள் போதும். உட்பக்கத்தில் சாம்பல் மையும் தங்க மையும் வேண்டாம். வெளிர் மஞ்சள் சாயலுள்ள பளபளப்பற்ற தாளில் கறுப்பு மைதான். உள்தாள் 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), அட்டை 300 ஜிஎஸ்எம், அளவு ஏறத்தாழ 10-க்கு 15 சென்டிமீட்டர் இருந்தால் கோட்டுப் பையில் அடங்கும்.

கட்டைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம்: தலைவர் வலக்கையில் திராட்சை ரசக் கிண்ணத்தை ஏந்தியிருப்பார். இடக்கை ஒன்றால் நூலைத் திறந்து பிடிக்க வேண்டும். முதுகில் பசையிட்ட நூல் மூடிக்கொண்டே இருக்கும். நடுவில் கம்பி தைத்தது விரிந்து நிற்கும். கம்பித் தையலுக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 64 பக்கம் வரை நன்றாக நிற்கும். அதற்கு மேல் நடுப்பக்கங்கள் வெளியே பிதுங்கி, வெட்டும்போது ஓரத்து எழுத்துக்கு ஆபத்து வரும்.

நூல் வலமிருந்து திறக்க வேண்டும். முன்னட்டை உங்களைப் பார்த்திருக்கும்போது முதுகு வலப்பக்கம் இருந்தால் சரி. திரையில் பார்க்கும் மெய்ப்பில் இது தெரியாது. உள்ளே ஆங்கிலமும் இருப்பதால் அச்சகம் பழக்கத்தில் இடப்பக்கம் தைத்துவிடும். மொத்தப் பிரதிகளும் வீண். அச்சிட அனுமதி தருமுன் வெற்றுத் தாளில் பக்க எண் மட்டும் போட்டுத் தைத்த மாதிரி ஒன்றைக் கையில் வாங்கிப் புரட்டுங்கள்.

அட்டையில் தங்கத் தகடு பொறிப்பதானால் மெல்லிய கோடுள்ள எழுத்து அடைத்துக்கொள்ளும். பெயர்களை நிக்குத் இல்லாமல், தடித்த எழுத்தில் போடுங்கள். வெல்வெட் போன்ற லாமினேஷன் தொட இதமாக இருக்கும். ஆனால் எண்ணெய்க் கை பட்டால் தடம் போகாது.

எத்தனை பிரதி

தலையை எண்ணாதீர்கள், வீட்டை எண்ணுங்கள். 250 விருந்தினர் என்று வைத்துக்கொள்வோம். 90 தம்பதியர், தனியாக வருபவர் 70. வீட்டுக்கு ஒன்று என்றால் 160. மேசையில் இருவர் ஒன்றைப் பகிர்ந்து படிக்கலாம் என்பதால் இதுவே அந்த இரவுக்கும் போதும். ஏழு நாள் விருந்துகளுக்குப் பெட்டியில் 30. அவை வீட்டுக்கு வீடு நகரும். இரு பெற்றோருக்கும் தலா 10, மணமக்களின் புது வீட்டுக்கு 20. மொத்தம் 230. அச்சகம் 500-க்குச் சலுகை தருகிறது என்று மயங்க வேண்டாம். மிஞ்சுவதைத் தூக்கி எறிய முடியாது, காரணம் கடைசியில்.

கால அளவு: 10 வாரம் முன்பு மரபை முடிவு செய்யுங்கள், 8 வாரம் முன்பு கடை, 6 வாரம் முன்பு மெய்ப்பு, 3 வாரம் முன்பு கையில் நூல். பாஸ்காவுக்கு முந்தைய வாரங்களும், ரோஷ் ஹஷானா எனும் புத்தாண்டு முதல் சிம்ஹாத் தோரா திருநாள் வரையும் யூத அச்சகங்கள் பாதிதான் இயங்கும். ஷாவுவோத் திருநாளுக்குப் பிறகும், திஷா பெஆவ் எனும் துக்க நாளுக்குப் பிறகும் திருமணங்கள் நெருங்கி வரும்; அப்போது இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

விருந்து நாளில்

தொடக்கத்திலேயே தட்டுக்கு ஒன்றாக வைப்பது படத்துக்கு அழகு. ஆனால் சூப் சிந்தும், திராட்சை ரசம் கவிழும். அதைவிட மோசம், பரிமாறுபவர் மேசைத்துணியோடு சுருட்டிக் குப்பையில் போட்டுவிடுவார். கூடைகளில் வைத்து, இனிப்பு வரும் நேரத்தில் இரண்டு பேர் மேசை மேசையாகக் கொடுக்கட்டும். ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமரும் மண்டபத்தில் இரு பக்கத்துக்கும் கூடை வேண்டும். பெண்கள் பக்கத்தை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. சீக்கிரம் கிளம்புபவர்களுக்காக வாசலருகே ஒரு சிறு கூடை. ஏழு வாழ்த்துகளைச் சொல்லப்போகிறவர்களிடம் பக்க எண்ணை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மிஞ்சியவையும் பிழையானவையும்

கடவுளின் பெயர் அச்சான தாளுக்கு ஷெமோத் என்று பெயர். அதைக் கிழிக்கவோ, குப்பையில் போடவோ, பழைய பேப்பருக்கு எடைபோடவோ கூடாது. தொழுகைக்கூடங்களில் இதற்கென்று வைத்திருக்கும் கெனிஸாப் பெட்டியில் சேர்த்தால், பின்னர் மொத்தமாக மண்ணில் புதைப்பார்கள். அச்சகத்தில் வீணாகும் தாளுக்கும் இதே விதிதான். எனவே மெய்ப்புப் பிரதிகளில் கடவுளின் பெயர் வரும் இடத்தில் ஹே என்ற ஓர் எழுத்தும் ஒற்றைக் குறியும் மட்டும் இட்டு வையுங்கள். முழுப் பெயர் இறுதிக் கோப்பில் மட்டும் வரட்டும். அச்சகத்தாரிடம் கழிவுத் தாளைத் தனியே ஒரு பெட்டியில் சேர்த்துத் தரும்படி முன்பணம் கொடுக்கும்போதே சொல்லுங்கள். காரணத்தை விளக்கினால் எந்த ஊர் அச்சகத்தாரும் மறுக்க மாட்டார்கள். நல்ல நிலையில் மிஞ்சிய பிரதிகளைத் தொழுகைக்கூடத்துக்கோ, விருந்து நடத்திய மண்டபத்துக்கோ, மாணவர் விடுதிக்கோ கொடுங்கள். அட்டையில் வேறொருவர் பெயரும் தேதியும் இருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பெரும்பாலான வீடுகளில் மேசையில் கிடப்பது பத்துப் பன்னிரண்டு திருமணங்களின் பென்ச்சர்கள்தான்.